திறந்தவெளிக் கச்சேரிக்கு மைக் செட் போடும் முறை: முழுமையான வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கோயில் திடலிலும் சந்தைமேட்டிலும் நடக்கிற மெல்லிசைக் கச்சேரிக்குச் சவுண்ட் போட வரும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். 500 முதல் 1500 பேர் வரை கூடும் கூட்டம், பக்கத்துக்கு 2 டாப் (குரலும் மேல்சத்தமும் தரும் பெட்டி), மொத்தம் 4 பேஸ் பெட்டி, 4 மானிட்டர் (மேடையில் இருப்பவர்கள் தங்கள் சத்தத்தைக் கேட்க வைக்கும் பெட்டி), 24 சேனல் மிக்சர் என்று வைத்துக்கொள்கிறேன். பெட்டி கூடினாலும் குறைந்தாலும் வேலையின் வரிசை இதுதான்.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றே. சத்தம் சரியில்லை என்றதும் கை நேராக ஈக்வலைசருக்கு (கனத்த சத்தம், கீச்சுச் சத்தம் என்று தனித்தனியே ஏற்றி இறக்கும் கருவி) போகிறது. மின்சாரம், ஸ்பீக்கர் வைத்த இடம், மைக் வைத்த இடம், கெயின் (மைக்கிலிருந்து மிக்சருக்குள் வரும் அளவு), மானிட்டர் ஆகிய ஐந்தில் எது தவறாக இருந்தாலும் ஈக்வலைசரால் பயனில்லை. முன்னால் விட்ட குறையைப் பின்னால் பட்டன் திருகிச் சரிசெய்ய முடியாது.

1. முதல் நாளே போய் இடத்தைப் பாருங்கள்

பந்தல்காரர் கம்பம் நடுவதற்கு முன்னால் போக வேண்டும். நட்ட பிறகு மேடையைத் திருப்பச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

மேடை வரப்போகிற இடத்தில் நின்று பலமாக ஒரு கை தட்டுங்கள். பர்கூர், ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி பக்கம் பல திடல்களுக்கு எதிரில் மொட்டைப் பாறை நிற்கும். பாறை சத்தத்தை உறிஞ்சாது, அப்படியே திருப்பி அனுப்பும். பாறை 100 மீட்டர் தள்ளி இருந்தால், போன சத்தம் 0.6 நொடியில் திரும்பி வந்துவிடும். பாடகருக்கு அது தாளத்தைக் குழப்பும், பின்வரிசைக்குப் பாட்டின் வார்த்தை புரியாது. தட்டிய கை திரும்பக் கேட்டால் மேடையைச் சற்றுத் திருப்பி அமைக்கச் சொல்லுங்கள். திருப்ப வழியில்லை என்றால் டாப் பெட்டிகளைக் கூட்டத்தை நோக்கிக் கீழே சாய்த்துக் கட்டுங்கள். பாறைக்குப் போகும் சத்தம் அளவுக்கு மீறாது.

அப்படியே காற்றையும் பாருங்கள். ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து அடிக்கிற காற்றுக்கு எதிராகப் பெட்டியை வைத்தால் சத்தம் மேலே வளைந்து போய்விடும், பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது. எந்தப் பக்கம் வைத்தாலும் அடுக்கிய பெட்டிகளைக் கயிற்றாலோ பெல்ட்டாலோ கட்டியே ஆக வேண்டும்.

கச்சேரிக் குழுவிடம் பட்டியல் வாங்குங்கள்: எத்தனை பாடகர், என்னென்ன வாத்தியம், யார் எங்கே உட்காருவார், யாருக்கு மானிட்டர் வேண்டும். இந்தத் தாள் இல்லாமல் வண்டியில் பொருள் ஏற்றாதீர்கள். தபேலாவுக்கு மைக் ஸ்டாண்டு இல்லை என்று ஆறு மணிக்குத் தெரிந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

அனுமதி வேலை விழாக் குழுவுடையது, ஆனால் தாளைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். ஒலி மாசு விதிகள், 2000-ன்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலமான அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் பயன்படுத்தக் கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு இரவு 12 மணி வரை அரசு தளர்வு தரலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் இல்லை. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அரசு அறிவித்திருக்கலாம். கூம்பு ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். காவல்துறை பறிமுதல் செய்தால் நஷ்டம் நமக்குத்தான், போதாததற்கு அதில் பாட்டும் நன்றாகக் கேட்காது.

2. மின்சாரமும் எர்த்தும்

இங்கே அவசரம் கூடாது. பாடகர் உதட்டை மைக்கில் வைக்கிறார், கிடார்காரர் கம்பியில் கை வைத்திருக்கிறார். இரண்டு உலோகத்துக்கும் நடுவே மின்னழுத்தம் இருந்தால் உயிர் போகும். மின்வேலை தெரிந்த எலக்ட்ரீஷியன் இல்லாமல் இந்தப் பகுதியைத் தொடாதீர்கள்.

ஜெனரேட்டரோ மின்வாரியத்தின் தற்காலிக இணைப்போ, முதலில் மீட்டர் வைத்து அளக்க வேண்டும். ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். ஒரு ஃபேஸில் 190-ம் இன்னொன்றில் 270-ம் காட்டினால் நியூட்ரல் எங்கோ லூசாக இருக்கிறது. நியூட்ரல் முழுதாக அறுந்தால் 230 வோல்ட் சாமானுக்கு 400 வோல்ட் வரை ஏறும், ஆம்ப்ளிஃபையர்கள் ஒரே நேரத்தில் போய்விடும். அளக்காமல் ஒரு பிளக்கையும் சொருகக் கூடாது என்பது இதனால்தான்.

எர்த் கம்பி அடிப்பதில் நம் பக்கத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பல இடங்களில் ஓரடிக்குக் கீழே பாறை. கம்பி இறங்காது, இறங்கிய மட்டும் போதும் என்று விட்டுவிடுவார்கள். அது பேருக்குத்தான் எர்த். மண் ஆழமாக, ஈரமாக இருக்கிற இடத்தைத் தேடுங்கள். குளத்தங்கரை, வாய்க்கால் ஓரம், வயல் வரப்பு எதுவானாலும் சரி. தூரமாக இருந்தால் தடிமனான எர்த் ஒயர் இழுத்துக்கொள்ளலாம். ஒரு கம்பி போதவில்லை என்றால் இரண்டு மூன்று கம்பிகளை இடைவெளி விட்டு அடித்து, எல்லாவற்றையும் ஒன்றாக இணையுங்கள். அடித்த இடத்தில் தண்ணீர் ஊற்றி வையுங்கள்.

இதற்கு மேல் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச்) கட்டாயம். எர்த் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் கசிவு வந்த உடனே அது இணைப்பைத் துண்டிக்கும். ஜெனரேட்டரில் நியூட்ரலை எர்த்துடன் இணைக்காமல் விட்டிருந்தால் ஆர்சிசிபி வேலை செய்யாது. எலக்ட்ரீஷியனிடம் கேட்டு உறுதி செய்யுங்கள், பிறகு டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

சவுண்டுக்கு ஒரு ஃபேஸ் தனியாக. சீரியல் செட், எல்இடி லைட், ஐஸ்கிரீம் வண்டி எல்லாம் வேறு ஃபேஸில். மிக்சருக்கான கரண்டை மேடையிலிருந்தே இழுத்து வாருங்கள். பக்கத்துக் கடையில் பிளக் கிடைக்கிறது என்று சொருகினால் இரண்டு எர்த்துக்கும் நடுவே வித்தியாசம் வந்து ‘உம்ம்’ என்று ஓயாமல் இரையும். அந்த இரைச்சலைப் போக்க எர்த் பின்னை உடைப்பவர்கள் உண்டு. உயிருடன் விளையாடும் வேலை அது. வாத்தியத்தை மிக்சரோடு இணைக்கும் சின்னப் பெட்டியான டிஐ பாக்ஸில், சிக்னல் ஒயரின் எர்த்தை மட்டும் பிரிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பட்டன் இருக்கிறது, இரைச்சலுக்கு அதுதான் வழி.

3. ஸ்பீக்கர் வைக்கும் இடம்

டாப் பெட்டி தரையில் இருந்தால் முன்வரிசை ஆட்களின் உடம்பே சத்தத்தைத் தடுத்துவிடும். முன்னால் காது வலிக்கும், பின்னால் ஒன்றும் கேட்காது. உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு நன்றாக மேலே, 2.5 முதல் 3 மீட்டர் உயரத்தில் வைத்து, கூட்டத்தின் பின்பாதியைக் குறி வைத்துச் சற்றே கீழே சாய்க்க வேண்டும். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் சத்தம் 6 டெசிபல் குறையும். 4 மீட்டரில் 100 இருந்தால் 8 மீட்டரில் 94, 16 மீட்டரில் 88, 32 மீட்டரில் 82. உயரத்தில் வைத்தால் முன்வரிசைக்கும் பெட்டிக்கும் உள்ள தூரம் கூடுகிறது, முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம் குறைகிறது.

டாப் பெட்டிகள் பாடகர் மைக்குக்கு முன்னால் நிற்க வேண்டும். மேடையின் பின்பக்கம் இடம் இருக்கிறது என்று அங்கே வைத்தால், பெட்டியின் சத்தம் மைக்குக்குள் புகுந்து கூவிக்கொண்டே இருக்கும். எந்த ஈக்வலைசரும் அதை நிறுத்தாது.

பேஸ் பெட்டிகளைப் பக்கத்துக்கு இரண்டாகப் பிரித்து வைப்பதுதான் வழக்கம். பார்க்க அழகாக இருக்கும், கேட்க இருக்காது. 60 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட 5.7 மீட்டர். இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் அலைகள் நடுவில் சேர்ந்து இடிக்கும், பக்கவாட்டில் சில இடங்களில் ஒன்றை ஒன்று அழித்துவிடும். ஒரே வரிசையில் ஒருவருக்கு நெஞ்சு அதிரும், நாலு நாற்காலி தள்ளி இருப்பவருக்குப் பேஸே இருக்காது. நான்கையும் மேடைக்கு முன்னால் நடுவில் ஒட்டி வைத்தால் இது பெருமளவு தீரும். சாமிக்கு எதிரில் பெட்டி வைக்க வேண்டாம் என்று ஊரார் சொன்னால், நான்கையும் ஒரே பக்கமாக ஒட்டி வையுங்கள். பிரிப்பதைவிட அதுவே மேல்.

திடல் நீளமாக இருந்தால் நடுவில் இன்னொரு ஜோடி பெட்டி வேண்டும். அதற்கு டிலே (சத்தத்தைச் சற்றுத் தாமதித்து அனுப்புவது) கொடுக்காமல் விட்டால் ஒரே வார்த்தை இரண்டு முறை கேட்கும். மீட்டருக்குச் சுமார் 2.9 மில்லிநொடி என்று கணக்கு. 30 மீட்டருக்கு 88, அதோடு 10 சேர்த்து 98 கொடுங்கள். அந்தப் பத்து எதற்கு என்றால், மேடைச் சத்தம் முதலில் காதில் விழுந்தால்தான் பாட்டு மேடையிலிருந்து வருவதாகத் தோன்றும். ஓசூர் மார்கழிக் குளிருக்கும் தருமபுரி சித்திரை வெக்கைக்கும் இந்தத் தூரத்தில் வரும் வித்தியாசம் 4 மில்லிநொடிக்குள்தான். அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

4. மிக்சர் கூட்டத்துக்கு நடுவில்

இதில் விழாக் குழுவுடன் பேச வேண்டி வரும்.

“ஏன் தம்பி, மிசினு எதுக்கு ஜனங்க நடுவுல? மேடைக்குப் பின்னால வெச்சுக்கலாம் இல்ல?”

“அண்ணா, ஜனங்களுக்குக் கேக்கறது எனக்கும் கேட்டாத்தான் சரி பண்ண முடியும். ஒரு மேசை அளவு இடம் குடுங்க, போதும்.”

இப்படி மரியாதையாக, காரணத்துடன் சொன்னால் பெரும்பாலும் இடம் விடுவார்கள். கூட்டத்தின் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்தில், நட்ட நடுவிலிருந்து சற்று விலகி உட்காருங்கள். நட்ட நடுவில் பேஸ் அதிகமாகக் கேட்கும், அதை நம்பிக் குறைத்தால் மற்றவர்களுக்குப் பேஸ் இல்லாமல் போகும்.

5. கேபிளும் ஓமும்

மைக் கேபிளும் கரண்ட் கேபிளும் ஒன்றாக ஓடக் கூடாது. குறுக்கே போக வேண்டிய இடத்தில் நேர்க்குறுக்காகக் கடக்கட்டும், அப்போது இரைச்சல் ஏறாது. ஆட்கள் நடக்கும் பாதையில் மண்ணைக் கீறிக் கேபிளைப் புதைத்து மேலே மிதியடி போடுங்கள்.

கீபோர்டு, ரிதம் பேடு, பேஸ் கிடார் மூன்றுக்கும் டிஐ பாக்ஸ் வேண்டும். சாதாரண ஒயரில் ஐந்தாறு மீட்டருக்கு மேல் இழுத்தால் இரைச்சல் ஏறும்.

ஓம் என்பது பெட்டியின் மின்தடை அளவு, குறையக் குறைய ஆம்புக்குச் சுமை கூடும். 8 ஓம் பெட்டி இரண்டை ஒரே ஆம்ப் சேனலில் மாட்டினால் 4 ஓம். மூன்றாவதையும் மாட்டினால் 2.7 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 4 ஓம் வரைதான் தாங்கும் என்று எழுதியிருக்கிற ஆம்ப் முதல் பாட்டில் பாடும், நான்காவது பாட்டில் சூடாகி நிற்கும். ஸ்பீக்கர் ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

6. ஆன் செய்யும் வரிசை

முதலில் மிக்சர், பிறகு கிராஸ்ஓவர் (டாப்புக்கும் பேஸுக்கும் சத்தத்தைப் பிரிக்கும் கருவி), கடைசியாக ஆம்ப். அணைக்கும்போது ஆம்ப் முதலில். மாற்றிச் செய்தால் மிக்சர் ஆன் ஆகும்போது வரும் ‘டப்’ சத்தம் முழு வலுவோடு ஸ்பீக்கருக்குப் போகும்.

7. பாட்டுப் போட்டு நடந்து பாருங்கள்

மைக் எதையும் திறக்காமல், உங்களுக்கு நன்றாகப் பழகிய ஒரு பாட்டை ஓட்டுங்கள். ஒவ்வொரு பெட்டியாகத் தனித்தனியே ஓட விட்டு, எல்லாம் ஒரே மாதிரிப் பாடுகிறதா என்று கேளுங்கள். பிறகு பேஸ் பெட்டிகளை இரண்டிரண்டாகத் திறங்கள். இரண்டாவது சேர்ந்ததும் பேஸ் கூட வேண்டும். குறைந்தால் ஒன்றின் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது.

அடுத்து திடல் முழுக்க நடக்க வேண்டும். மிக்சரிடம் உட்கார்ந்தே சரி செய்கிறவர் ஒரே நாற்காலிக்காக வேலை செய்கிறார். இந்த இடத்தில் ஈக்வலைசரைத் தொடலாம், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே குறை கேட்டால் மட்டும். ஓர் இடத்தில் மட்டும் குறை என்றால் பெட்டியைத் திருப்ப வேண்டும்.

8. மைக் வைப்பது

கச்சேரியின் தரத்தில் பாதி இங்கே தீர்மானமாகிறது. அவசரமாக ஸ்டாண்டு நட்டுவிட்டு மிக்சருக்கு ஓடாதீர்கள்.

பாடகருக்கு ஷூர் எஸ்எம்58 போன்ற கார்டியாய்டு மைக் (முன்பக்கச் சத்தத்தையே அதிகம் எடுப்பது) என்றால் அதன் நேர் பின்பக்கம்தான் செவிட்டுப் பக்கம். மானிட்டர் பாடகருக்கு நேர் எதிரில், மைக்கின் வாலைப் பார்த்தபடி இருக்க வேண்டும். சூப்பர்கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும், பக்கவாட்டுப் பின்புறம்தான் செவிடு. அதற்கு மானிட்டரைச் சற்று ஓரமாகத் தள்ளுங்கள். எந்த மைக் என்று தெரியாமல் மானிட்டர் வைத்தால் அங்கேயே கூவல் ஆரம்பிக்கும்.

மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பவர்கள் உண்டு. பொத்தினால் பின்னால் வரும் சத்தத்தைத் தடுக்கும் தன்மை போய்விடும், மானிட்டர் உடனே கூவும். “அக்கா, தலையைப் பிடிக்காம கீழ உடம்பைப் பிடிச்சுக்கோங்க, உங்க குரல் இன்னும் தெளிவாக் கேக்கும்” என்று தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். மேடையில் எல்லார் முன்னாலும் சொன்னால் மனசு சங்கடப்படும், பாட்டும் கெடும்.

தபேலாவுக்கு ஒரு மைக்தான் இருக்கிறது என்றால் இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் உயரத்தில், வலந்தலைப் பக்கம் சற்றுச் சாய்த்து வையுங்கள். தவில் தானாகவே பெரிய சத்தம். ஓரடி தள்ளி இரு பக்கமும் ஒவ்வொன்று போதும். நாதஸ்வரத்தின் அணைசு (விரிந்த அடிப்பகுதி) வாய்க்கு நேராக மைக் வைக்கக் கூடாது, இரண்டடி தள்ளி, சற்று ஓரமாக. தொப்பெனப் பாயும் காற்றும் கூரான சத்தமும் அப்போதுதான் அடங்கும். நம் பக்கத் தெருக்கூத்தில் ஊதும் சின்ன நாயனமான முகவீணைக்கும் இதே முறைதான். கூத்தில் ஆட்கள் ஓரிடத்தில் நிற்க மாட்டார்கள் என்பதால், ஆளுக்கொரு மைக் கொடுப்பதை விட்டுவிட்டு, அவர்கள் நின்று பாடும் இடத்துக்கு முன்னால் இரண்டு மைக் வைத்து மற்றதை மூடி வைப்பது நல்லது.

திறந்திருக்கும் மைக் இரட்டிப்பானால், கூவாமல் ஏற்றக்கூடிய அளவு 3 டெசிபல் குறையும். எட்டு மைக் வேண்டிய இடத்தில் பதினாறு திறந்து வைத்தால் பாடகரின் குரலைத்தான் குறைக்க வேண்டி வரும்.

9. கெயின்

ஃபேடரை (சத்தத்தை ஏற்றி இறக்கும் தள்ளுகுமிழ்) முழுக்கக் கீழே இறக்கிவிட்டு, அந்தச் சேனலை மட்டும் காட்டும் சோலோ பட்டனை அழுத்தி, கச்சேரியில் பாடும் வலுவோடு பாடச் சொல்லுங்கள். “ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ” என்று பேசுவதை வைத்துக் கெயின் வைத்தால் பாடும்போது சிவப்பு எரியும். டிஜிட்டல் மிக்சரில் மீட்டர் சராசரியாக மைனஸ் 18 டெசிபலைச் சுற்றி, உச்சம் மைனஸ் 6-ஐத் தாண்டாமல். அனலாக்கில் பச்சை நிலையாக, மஞ்சள் எப்போதாவது.

குரல் சேனல் எல்லாவற்றிலும் 100 ஹெர்ட்ஸில் ஹை பாஸ் (அதற்குக் கீழுள்ள சத்தத்தை வெட்டும் வடிகட்டி) போடுங்கள். காற்றும், மேடைப் பலகை அதிர்வும், மைக்கைக் கையாளும் சத்தமும் அதற்குக் கீழேதான். மிக்சரிலிருந்து மைக்குக்கோ டிஐ பாக்ஸுக்கோ 48 வோல்ட் (ஃபான்டம் பவர்) கொடுக்கும்போது அந்தச் சேனல் மியூட்டில் இருக்கட்டும்.

இன்னொன்று. பெரிய ஆம்ப்தான் ஸ்பீக்கரை எரிக்கும் என்று நினைக்கிறார்கள். சின்ன ஆம்பைச் சிவப்பு எரிய எரிய ஓட்டினாலும் ட்வீட்டர் போகும்.

10. மானிட்டர், அதற்குப் பிறகு மெயின்

முதலில் மானிட்டரைச் சரிசெய்ய வேண்டும். மானிட்டர் சத்தம் பின்பக்கமாகக் கூட்டத்துக்கும் வரும், அது தெரிந்த பிறகுதான் மெயினில் எவ்வளவு வேண்டும் என்பது புரியும்.

மானிட்டருக்குப் போகும் ஆக்ஸ் (மிக்சரின் தனி வெளியீடு) ப்ரீ-ஃபேடரில், அதாவது சேனல் ஃபேடரை நகர்த்தினாலும் மாறாதபடி, இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் மெயினில் குரலை ஏற்றும் ஒவ்வொரு முறையும் மேடையில் கூவும். பாடகர் மைக்கைத் திறந்து, ஸ்டாண்டில் விட்டு, மானிட்டரை மெல்ல மெல்ல ஏற்றுங்கள். லேசாக ஊளை தொடங்கும் இடத்தில் நிறுத்தி, கிராஃபிக் ஈக்வலைசரில் அந்தப் பட்டையை மட்டும் 3 டெசிபல் இறக்குங்கள். ‘ஊ’ என்று கேட்டால் 250 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை தேடுங்கள், ‘கீ’ என்று கீச்சிட்டால் 2000 முதல் 4000 வரை. மூன்று நான்கு பட்டை போதும். அதற்கு மேலும் இறக்க வேண்டியிருந்தால் மானிட்டரோ மைக்கோ தவறான இடத்தில் இருக்கிறது. எட்டாம் பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

மெயினுக்கு வந்ததும் முதலில் தாளம், பிறகு பேஸ் கிடார், கீபோர்டு, புல்லாங்குழல், கடைசியாகக் குரல். எல்லாம் சேர்ந்து வாசிக்கும்போது வார்த்தை புரியவில்லை என்றால் குரலை ஏற்றாதீர்கள், கீபோர்டை இறக்குங்கள். ஏற்றிக்கொண்டே போனால் எட்டரை மணிக்கெல்லாம் எல்லாம் உச்சியில் நிற்கும், அதற்கு மேல் போக இடமிருக்காது.

11. கச்சேரி நடக்கும்போது

அறிவிப்புக்கு ஒரு மைக் தனியாக, தனிச் சேனலில் வேண்டும். நன்கொடை தந்தவர் பெயர், காணாமல் போன குழந்தை, சாலையை மறித்து நிற்கிற வண்டி என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். பாடகர் மைக்கைப் பிடுங்கி அறிவிப்புச் செய்தால், நீங்கள் அந்தக் குரலுக்கு வைத்த அளவெல்லாம் பாழ். குழந்தை அறிவிப்பு வந்தால் பாட்டை நிறுத்தியாவது உடனே சொல்ல விடுங்கள்.

வாசிக்காத மைக்கை மூடுங்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் விரல் மியூட் பட்டனில் இருக்கட்டும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து பின்வரிசை வரை ஒரு நடை போய் வாருங்கள், அதுவரை மிக்சரிடம் ஓர் ஆள் இருக்க வேண்டும்.

இரவு ஏற ஏறத் தரை குளிர்ந்து சத்தம் நிலத்தை ஒட்டியே வெகுதூரம் போகும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் குளிர்காலத்தில் இது நன்றாகத் தெரியும். ஏழு மணிக்கு வைத்த அளவு ஒன்பதரைக்குப் பக்கத்து ஊரில் தூங்கும் குழந்தையை எழுப்பும். ஒன்பதுக்கு மேல் பேஸைக் கொஞ்சம் இறக்குங்கள். பத்து மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே கடைசிப் பாட்டு என்று குழுவுக்குச் சைகை காட்டுங்கள்.

தூறல் விழுந்தால் முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் தார்ப்பாய் போர்த்துங்கள். ஓடும் ஆம்ப் மேல் தார்ப்பாய் போட்டால் காற்றில்லாமல் சூடேறிவிடும்.

12. அணைப்பதும் சுருட்டுவதும்

மாஸ்டரை இறக்கி, ஆம்பை அணைத்து, ஒரு நிமிடம் விட்டு மற்றவற்றை அணையுங்கள். கேபிளை முழங்கையில் சுற்றாதீர்கள், உள்ளே கம்பி முறுக்கேறி அறுந்துபோகும். அதன் இயல்பான வளைவிலேயே ஒரு சுற்று மேலே, ஒரு சுற்று கீழே என்று மாற்றி மாற்றிச் சுருட்ட வேண்டும். கச்சேரியில் கரகரத்த கேபிளுக்கு அந்த இடத்திலேயே சிவப்பு டேப் ஒட்டுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டியில் போட்டால் அடுத்த ஊரில் அதே கேபிள்தான் கைக்கு வரும். பனியில் நனைந்த மைக் ஸ்பாஞ்சைக் கழற்றித் தனியாகக் காய வையுங்கள்.

ஃபேஸ் ஒயர்கள் முதலில், பிறகு நியூட்ரல், எல்லாவற்றுக்கும் கடைசியாக எர்த் என்ற வரிசையில் எலக்ட்ரீஷியன் கழற்றட்டும். எர்த் கம்பியைப் பிடுங்கிய குழியையும் கேபிள் புதைத்த பள்ளத்தையும் மண் போட்டு மிதித்து மூடிவிட்டு வண்டி ஏறுங்கள். விடிந்ததும் அந்தத் திடலில் பிள்ளைகள் ஓடுவார்கள், மாடு கட்டுவார்கள்.